திருத்தணி: பூவுக்கு வந்த கூட்டமும் மாங்காய்க்கு வந்த எல்லையும்

"பண்ணைச் சுற்றுலா" என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. நகரத்தில் இருப்பவர்கள் சனி, ஞாயிறுகளில் ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போவார்கள். மரத்திலிருந்து பழம் பறிப்பார்கள், மாட்டு வண்டியில் ஏறுவார்கள், வாழை இலையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். இதற்குக் கட்டணமும் உண்டு. நம் நாட்டில் இதை ஒரு தொழிலாக வளர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் பாண்டுரங்க் தாவரே. மகாராஷ்டிரத்தின் பாராமதி பகுதியில் 2004-ஆம் ஆண்டு வாக்கில் அவர் இந்த முயற்சியைத் தொடங்கினார். 2005-இல் வேளாண் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பையும் உண்டாக்கினார். பிறகு பல விவசாயிகள் அதே வழியில் இறங்கினார்கள். 2020-இல் மகாராஷ்டிர அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது.

இதெல்லாம் சரி. ஆனால் பருவம் பார்த்து, விளைச்சல் பார்த்து, மக்கள் ஊர் விட்டு ஊர் போவது 2004-இல்தான் தொடங்கியதா? காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கிறது. வீதி உலாவின்போது மக்கள் மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மாம்பழங்களை இறைக்கிறார்கள், கீழே நிற்பவர்கள் முட்டி மோதிப் பிடிக்கிறார்கள். மாம்பழம் கிடைக்கும் காலத்தில்தானே அதை வாரி இறைக்க முடியும்! விழா நாளைப் பஞ்சாங்கம் சொல்கிறது, ஆனால் விழாவுக்கு வேண்டிய பண்டத்தை மரம்தான் தர வேண்டும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் தொண்டை மண்டலத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் திருத்தணி வேறு விதமாகத் தெரியும். அறுபடை வீடுகளில் ஐந்தாவது, 365 படிகள், ஆடிக் கிருத்திகை, டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர். பொதுவாக நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கோடைக் காலத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தமிழகத்திலேயே அதிக வெயில் அடித்த ஊர்களின் பட்டியல் வாசிக்கும்போதும் இந்தப் பெயர் அடிக்கடி வரும்! சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர். கடலிலிருந்தும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான். அங்கிருந்து வடக்கே சிறிது தூரம் போனால் ஆந்திரம் வந்துவிடும்.

பூவின் பெயரில் ஒரு மலை

திருத்தணி மலைக்கு இலக்கியங்களிலும் தல புராணத்திலும் பல பெயர்கள் உண்டு. உற்பலகிரி, நீலோற்பலகிரி, காவிமலை என்ற பெயர்கள் அவற்றில் முக்கியமானவை. உற்பலம் என்றாலும் காவி என்றாலும் குவளைப் பூ, அதாவது நீரில் பூக்கும் கருநீலப் பூ. இந்திரன் மலைச்சுனையில் ஒரு கருங்குவளைக் கொடியை நட்டான், அது காலையில் ஒன்று, உச்சிப் பொழுதில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நாள்தோறும் மூன்று பூக்கள் தந்தது, அவற்றைக் கொண்டு அவன் முருகனை வழிபட்டான் என்பது தல வரலாறு. பருவத்துக்குக் கட்டுப்படாமல் ஆண்டு முழுவதும் பூத்த கொடி! வருடத்தில் சில மாதங்கள் மட்டுமே தண்ணீர் பார்க்கும் வறண்ட நாட்டில் வாழ்ந்தவர்கள் எதை அற்புதம் என்று நினைத்தார்கள் என்பது இந்தக் கதையிலேயே தெரிகிறது.

வள்ளியின் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். வள்ளி தினைப்புனம் காத்த பெண். வள்ளிமலைப் பக்கம் தினை முற்றும் காலத்தில் பரண் மேல் ஏறி ஆலோலம் பாடிக் கிளி ஓட்டிக்கொண்டிருக்கிறாள். வெளியூரிலிருந்து வந்த முருகன் கிழவர் வேடத்தில் நின்று தினைமாவும் தேனும் கேட்கிறான். பிறகு மணம் முடித்து, கோபமெல்லாம் தணிந்து வந்து அமர்ந்த இடம்தான் தணிகை. அறுவடைக்கு முன்னால் வயலைப் பார்க்க வந்து, அங்கேயே விளைந்ததைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட முதல் விருந்தாளி முருகன்தான் என்று யாராவது வேடிக்கையாகச் சொன்னால் மறுக்க முடியாது.

புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். பல்லவ அரசர்களில் கடைசியாக ஆண்டவன் அபராஜிதன். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி அவன் காலம். அவனுடைய 18-ஆம் ஆட்சியாண்டில் நம்பி அப்பி என்பவர் திருத்தணியில் வீரட்டானேசுவரர் கோயிலைக் கல்லால் கட்டினார். மலை மேல் இருக்கும் முருகன் கோயில் அல்ல இது, கீழே ஊரில் இருக்கும் சிறிய சிவன் கோயில். அங்குள்ள கல்வெட்டில் ஒரு வெண்பா இருக்கிறது. அது மன்னன் அபராஜிதனே பாடியது என்று அந்தக் கல்வெட்டே சொல்கிறது. அரசன் எழுதிய தமிழ்ப்பாட்டு கல்லில் நிற்கும் ஊர் இது. படியேறிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது சந்தேகம்தான்.

1977-இல் திருத்தணிக்குப் பக்கத்தில் வேலஞ்சேரி என்ற கிராமத்தில் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று அபராஜிதனுடையது, மற்றொன்று முதலாம் பராந்தக சோழனுடையது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். அபராஜிதனின் செப்பேடு திருத்தணி முருகன் கோயிலுக்கு நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. அதாவது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலை சுற்றியுள்ள நிலத்தின் விளைச்சலைச் சார்ந்துதான் இருந்தது. கோயிலுக்கு நிலம் என்றால் நெல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தமிழகத்துச் சோழர் காலக் கல்வெட்டுகளில் "திருநந்தவனப்புறம்" என்ற சொல் வரும். பூந்தோட்டம் வளர்ப்பதற்காகவும் அதில் உழைப்பவர்களுக்காகவும் விட்ட நிலம் என்று அதற்குப் பொருள். பூ அக்காலத்தில் ஒரு செலவுக் கணக்கு, ஒரு பயிர், சிலருக்கு வேலை.

பதினெட்டாம் நூற்றாண்டில் திருத்தணியில் பிறந்த கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் பாடினார். இந்த மலையின் பெருமையைச் சொல்ல வந்த நூல் மலையிலிருந்து தொடங்கவில்லை. தல புராண மரபுப்படி முதலில் நாட்டையும் அதன் வயல்களையும் நீரையும் சொல்லிவிட்டுத்தான் கோயிலுக்கு வருகிறது. இன்றைய சுற்றுலாக் கையேடுகள் அந்த முதல் பகுதியை விட்டுவிட்டன!

பருவம்தான் பஞ்சாங்கம்

திருத்தணியைச் சுற்றியுள்ள நிலம் காவிரிக்கரை போன்றது அல்ல. நந்தி ஆறும் கொசஸ்தலை ஆறும் மழைக்காலத்தில் மட்டும் ஓடும். ஏரியும் கிணறும் மானமும்தான் விவசாயம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் ஏரியை நிரப்பினால் நெல். நிரப்பாவிட்டால் கம்பு, கேழ்வரகு, மல்லாட்டை. (மணிலாக்கொட்டை என்பதுதான் வட மாவட்டத்துப் பேச்சில் மல்லாட்டை ஆகிவிட்டது. மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை.) பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் ஆற்காட்டில் விளைந்த மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. செம்மண் மேட்டில் மழையை மட்டும் நம்பி விளையும் இந்தப் பயிர் ஆற்காட்டு மாவட்டங்களின் வறண்ட ஊர்களுக்குப் பணம் காட்டிய பயிர். கரும்பு பிறகு பெருகியது. திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வந்ததும் கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் கரும்புக்கு மாறினார்கள்.

இப்போது மலைக்கோயிலின் விழாக்களைப் பாருங்கள். மாசியில் பெருவிழா, அதில் வள்ளி திருக்கல்யாணம். மாசி என்பது அறுவடை முடிந்து, கையில் கொஞ்சம் பணமும் வேலையில் கொஞ்சம் ஓய்வும் இருக்கும் மாதம். சித்திரையில் இன்னொரு பெருவிழா, அதில் தெய்வயானை திருக்கல்யாணம். அப்போது வெயில் உச்சத்தில் இருக்கும். நுங்கும் மாங்காயும் வரும் காலம். ஆடியில் கிருத்திகை. ஐப்பசியில் கந்த சஷ்டி.

இவற்றில் ஆடிக் கிருத்திகைதான் மிகப் பெரியது. லட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள். மஞ்சள் துணி, மொட்டை, தோளில் பூக்காவடி, "அரோகரா". மூன்று நாள் சரவணப் பொய்கையில் தெப்பம் நடக்கும். பழனி என்றால் பால்காவடியும் பஞ்சாமிர்தமும் நினைவுக்கு வருவது போலத் திருத்தணி என்றால் பூக்காவடிதான். ஏன் ஆடியில் பூ? இதற்குப் பக்தர்கள் சொல்லும் காரணம் கார்த்திகைப் பெண்கள். அது சரியே. ஆனால் ஆடி வரும்போது இந்தப் பகுதியில் மல்லியும் முல்லையும் தோட்டத்தில் இருக்கும். கோடை வெயிலில் நன்றாகப் பூக்கும் செடிகள் இவை. மழையும் பனியும் வந்துவிட்டால் மல்லி குறைந்து போகும், விலை ஏறும் (மார்கழிக் கல்யாணம் இல்லாததால் நாம் பிழைத்தோம், தையில்தான் தெரியும்!). அதோடு ஆடி ஒரு இடைவெளி. முந்தைய பயிர் முடிந்து, புதிய விதைப்பு தொடங்கும் நேரம். குடும்பத்தோடு இரண்டு நாள் வெளியூர் போக ஒரு விவசாயிக்கு இதைவிட ஏற்ற நேரம் அரிது.

கந்த சஷ்டிக்கும் இதே கதைதான். மற்ற முருகன் கோயில்களில் சஷ்டி அன்று சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் நடக்காது. முருகனின் கோபம் தணிந்த இடம் என்பதால் இங்கே போர் இல்லை. அதற்குப் பதிலாக அன்று மாலை புஷ்பாஞ்சலி. டன் கணக்கில் பூக்களைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து அர்ச்சிக்கிறார்கள். ஐப்பசியில் மல்லி குறைந்தாலும் சாமந்தி வந்துவிடும். ஆடிக்கு ஒரு பூ, ஐப்பசிக்கு ஒரு பூ. விழாவைத் திட்டமிட்டவர்கள் தோட்டக் கணக்கைப் பார்த்துத்தான் வைத்தார்கள் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் தோட்டம் கைவிடும் மாதத்தில் ஒரு பூ விழா நூற்றாண்டுகள் தாக்குப் பிடித்திருக்காது என்று சொல்லலாம்.

ஒரு விழா மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. அது டிசம்பர் 31 இரவு நடக்கும் படித் திருவிழா. ஆங்கிலப் புத்தாண்டு அன்று பழக்கூடையும் மாலையுமாக வெள்ளைக்கார அதிகாரிகளைப் பார்க்கப் போய் வரிசையில் நின்றார்கள் நம் மக்கள். அதைப் பார்த்து வருந்திய வள்ளிமலை சுவாமிகள், துரையைப் பார்ப்பதற்குப் பதில் முருகனைப் போய்ப் பார்க்கலாமே என்று திருப்புகழ் பாடிக்கொண்டு படி ஏறும் வழக்கத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்படுத்தினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாடல் பாடிப் பூசை. இது ரயிலும் அலுவலக விடுமுறையும் உண்டாக்கிய யாத்திரை. விவசாயி வந்த ஊருக்குக் குமாஸ்தாவும் வரத் தொடங்கிய காலம்.

ரயில் என்றதும் அதையும் சொல்லிவிட வேண்டும். சென்னை ராயபுரத்திலிருந்து 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. பிறகு அரக்கோணத்திலிருந்து வடமேற்காகப் பிரிந்து ரேணிகுண்டா வழியாகச் சென்ற பாதை 1871-இல் பம்பாயோடு இணைந்தது. திருத்தணி அந்தப் பாதையில் அமைந்த ஊர். பம்பாய்க்குப் போட்ட தண்டவாளத்தில் முருகன் கோயிலுக்கு ஒரு நிறுத்தம் கிடைத்தது. திருத்தணியின் அதிர்ஷ்டம் இது. வள்ளிமலைக்கு இப்படி ஒரு நிலையம் வாய்க்கவில்லை.

கோடு விழுந்த கதை

ஆங்கிலேயர் காலத்தில் திருத்தணி கார்வேட்டி நகர் ஜமீனில் இருந்தது. கோயில் நிர்வாகமும் அந்த ஜமீனின் கையில்தான். ஜமீன்தார்கள் தெலுங்கு பேசியவர்கள், குடிகளில் தமிழரும் உண்டு, தெலுங்கரும் உண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆற்காட்டின் ஒரு பகுதியையும் கடப்பையின் ஒரு பகுதியையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவானது. திருத்தணி அதற்குள் போனது. ஒரே சென்னை மாகாணத்துக்குள் நடந்த மாற்றம் என்பதால் அன்று அது வெறும் அலுவலகக் காரியம். நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் அதன் விளைவு தெரிந்தது.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே போனது. திருத்தணியும் போனது. வடக்கெல்லைப் போராட்டம் என்று நாம் படிப்பது இதைத்தான். ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் முன்னின்றது. அந்தப் பகுதியிலேயே இருந்து தமிழ்க் கல்வியைப் பரப்பிவந்த மங்கலங்கிழார் மக்களைத் திரட்டினார். திருத்தணியைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. விநாயகம் போராட்டத்தின் இன்னொரு தூண். மறியல், கைது, சிறை என்று ஆண்டுகள் போயின. சிறையில் உயிர் விட்டவர்களும் உண்டு. கடைசியில் எச்.வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். அவருடைய பரிந்துரையின் அடிப்படையில் 1959-இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து சத்தியவேடு முதலிய பகுதிகளும், சேலம் மாவட்டத்திலிருந்து சில கிராமங்களும் ஆந்திரத்துக்குப் போயின.

சித்தூர், புத்தூர், நகரி, காளஹஸ்தி, திருப்பதி எல்லாம் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. திருப்பதியை இழந்ததைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள், திருத்தணியை மீட்டதைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். இரண்டிலுமே பேச்சு கோயிலைப் பற்றித்தான். கிராமத்தில் எத்தனை சதவீதம் தமிழ், எத்தனை சதவீதம் தெலுங்கு என்று மொழிக் கணக்கைக் கிராமம் கிராமமாக எடுத்தார்கள். எந்தக் கிராமத்து விளைச்சல் எந்தச் சந்தைக்குப் போகிறது என்பதற்கு அந்தக் கணக்கில் இடம் குறைவு. அன்று அது தேவைப்படவும் இல்லை, மாட்டு வண்டிக்கு மாநிலம் தெரியாது அல்லவா! போராடியவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. தாய்மொழியில் பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் வேண்டும் என்று கேட்டது நியாயமே. திருத்தணி வந்திராவிட்டால் இன்று அங்கே படிக்கும் பிள்ளைகளின் வாழ்க்கையே வேறு.

ஆனால் பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டைப் பக்கத்து மாந்தோப்புகளை மறந்துவிடக் கூடாது. அவை சித்தூர் மாவட்டத்து மாந்தோப்புகளின் தொடர்ச்சி. மண் ஒன்று, மழை ஒன்று, ரகங்களும் ஒன்று. சித்திரை, வைகாசியில் பங்கனப்பள்ளி வரும் (இதற்கு ஆந்திரம் 2017-இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது). ஆனியை ஒட்டிப் பெங்களூரா வரும். நுனி வளைந்திருப்பதால் இதைக் கிளிமூக்கு என்கிறோம், தெலுங்கில் தோத்தாபுரி. எல்லாம் முடியும் நேரத்தில் நீலம் வரும்.

கிளிமூக்குதான் இந்தக் கதையின் முக்கியப் பாத்திரம். கடித்துத் தின்ன இதைத் தேடுபவர்கள் குறைவு. உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் காயாகத் தின்னலாம், அது வேறு. ஆனால் கூழ் எடுப்பதற்கு இதைப் போல ஒரு ரகம் கிடையாது. நாம் குடிக்கும் பாட்டில் மாம்பழச் சாறில் பெரும்பாலும் இருப்பது இந்தக் கிளிமூக்கின் கூழ்தான். தென்னிந்தியாவில் இந்தக் கூழ்த் தொழிற்சாலைகள் குவிந்திருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று கிருஷ்ணகிரி, இன்னொன்று சித்தூர். பள்ளிப்பட்டிலிருந்து பார்த்தால் கிருஷ்ணகிரி வெகு தூரம், சென்னையும் தூரம், சித்தூர்தான் பக்கம்.

1960-இல் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் ஆலை. பல ஆண்டுகள் இது யாரையும் உறுத்தவில்லை.

2025 ஜூன்

2025 கோடையில் கிளிமூக்கு அமோகமாகக் காய்த்தது. ஆனால் ஆலைகளில் முந்தைய ஆண்டின் கூழே தேங்கிக் கிடந்தது, ஏற்றுமதியும் மந்தம். விலை சரிந்தது. ஆந்திர அரசு தன் விவசாயிகளுக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்தது. ஆலைகள் 8 ரூபாய் தர வேண்டும், மீதி 4 ரூபாயை அரசு தரும். இப்படி ஒரு விலை வைத்தால் வெளி மாநிலக் காய் உள்ளே வந்து குவியும் அல்லவா? அதனால் ஜூன் 7 அன்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளி மாநிலத்துக் கிளிமூக்கு மாங்காய் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு போட்டது. எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிகளைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள்.

பெரிய சத்தம் எழுந்தது கர்நாடகத்தில். கோலார் பக்கத்து விவசாயிகளின் காய் சித்தூர் ஆலைகளை நம்பித்தான் இருந்தது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். பிறகு மத்திய அரசு கர்நாடகத்தின் இரண்டரை லட்சம் டன் மாங்காய்க்குக் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் விலை வைத்தது. செய்திகளில் கோலாரும் கிருஷ்ணகிரியும் வந்த அளவுக்குத் திருத்தணிப் பக்கம் வரவில்லை. அளவு சிறியது என்பது ஒரு காரணம். திருவள்ளூர் மாவட்டம் என்றால் தொழிற்பேட்டை என்று எல்லோர் மனதிலும் பதிந்துபோனது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

ஆந்திர அரசு செய்தது தவறா? தன் மக்களின் வரிப்பணத்தில் தரும் 4 ரூபாய் தன் விவசாயிக்குப் போக வேண்டும் என்று அது நினைத்ததில் தவறு காண முடியாது. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மைலில் தோப்பு வைத்திருப்பவருக்கு அந்த நியாயம் வயிற்றை நிரப்பாது. 1959-க்கு முன்னால் அவருடைய தாத்தா சித்தூர் மாவட்டத்துக்காரர். அதே மரம், அதே மண், ஆனால் பேரனின் காய் "வெளி மாநிலக் காய்".

இங்கேதான் தொடக்கத்தில் சொன்ன பண்ணைச் சுற்றுலா திரும்ப வருகிறது. கூழ் ஆலைக்குப் போகும் மாங்காய்க்கு விலை வைப்பவர் ஆலைக்காரர். ஆலை வேண்டாம் என்றால் காய் மரத்தடியில் அழுகும், பறிக்கும் கூலிகூடத் தேறாது. பாராமதியில் விவசாயிகள் கண்டுபிடித்தது இதற்கு ஒரு மாற்றுவழி. சந்தைக்குப் பழத்தைக் கொண்டு போவதற்குப் பதில், தின்பவரைத் தோட்டத்துக்கே வரவழைப்பது. இதற்கு அவர்கள் பட்ட பெரிய கஷ்டம் ஆளைக் கொண்டுவருவது. விளம்பரம், நகரத்திலிருந்து பேருந்து, தங்கும் இடம் என்று எத்தனையோ செலவு.

திருத்தணியில் ஆள் ஏற்கெனவே வருகிறார். ஆடியில் லட்சக்கணக்கில் வருகிறார். திருப்பதிக்குப் போகும் சென்னைக்காரர்கள் வருடம் முழுவதும் இந்த ஊர் வழியாகத்தான் போகிறார்கள், சிலர் மலை ஏறி முருகனையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மின்சார ரயில் இருக்கிறது, தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது. வந்தவர் படி ஏறுகிறார், இறங்குகிறார், சிற்றுண்டி சாப்பிடுகிறார், வண்டி ஏறுகிறார். ஊரைச் சுற்றி என்ன விளைகிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவர் வாங்கும் பூவில் ஒரு பகுதி வெளியூர்ச் சந்தையிலிருந்து வந்தது. தொட்டு வணங்கும் மலைக்கே பூவின் பெயர் என்பதும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதைக் கோயில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. தோட்டக்காரர்கள் சேர்ந்து செய்யலாம். ஆனால் சுலபம் என்று சொல்லிவிட முடியாது. பக்தர் வேறு, சுற்றுலாப் பயணி வேறு. மொட்டை போட்டு மஞ்சள் துணியோடு, குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு, கடைசி ரயிலைப் பிடிக்க ஓடும் குடும்பத்திடம் போய் "மாந்தோப்பு பார்க்க வருகிறீர்களா, ஆளுக்கு 300 ரூபாய்" என்றால் முறைப்பார்கள். கிளிமூக்கை விருந்தாளிக்குப் பறிக்கக் கொடுத்தாலும் அவருக்கு அது ருசிக்காது. அதற்குப் பங்கனப்பள்ளியும் நீலமும் கலந்த தோப்பு வேண்டும், ஆலையை மட்டும் நம்பி நட்ட தோப்புகளில் அது இல்லை. புதிதாக நட்டால் காய்க்க ஆண்டுகள் ஆகும். தண்ணீரும் வேண்டும், இந்த ஊர் வெயிலில்!

ஆனாலும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நீலம் கடைசி ரகம். ஆனி முடியும்போதும் மரத்தில் இருக்கும், சில தோப்புகளில் ஆடியின் முதல் வாரங்கள் வரை நிற்கும். கிருத்திகை சில ஆண்டுகளில் ஆடித் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அந்த ஆண்டுகளில் பூக்காவடி மலை ஏறும்போது ஊரில் மல்லியும் இருக்கும், மாம்பழமும் இருக்கும். மலையடிவாரத்திலிருந்து பள்ளிப்பட்டுக்குப் போகும் சாலையில் இறங்கினால் இரண்டு பக்கமும் தோப்புகள் வரத் தொடங்கும், இன்னும் சிறிது போனால் ஆந்திரச் சோதனைச் சாவடி. எல்லையைத் தாண்டித்தான் நகரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் தெலுங்கு பேசும் காவடிகள் வருகின்றன, இன்றும், ஆயிரக்கணக்கில்.